பிரிஸ்காவை ஊரில் சேர்த்த தவக்காலம்

சிலுவைப்பாதை ஜெபத்தில் நான்காம் நிலைக்கு வந்திருந்தோம். சிலுவை சுமந்து போகிற இயேசு வழியில் தன் தாயைச் சந்திக்கிற இடம். தவக்காலத்து வெள்ளிக்கிழமைச் சாயங்காலம். மின்விசிறி எல்லாம் சுற்றியும் கோயிலுக்குள் வெக்கை குறையவில்லை. அத்தனை பேரும் முழங்காலில் இருந்தோம்.

எனக்குப் பின்னால் யாரோ தேம்புகிற சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் சில பெண்பிள்ளைகள் துப்பட்டாவைத் தலைக்குப் போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் ஒட்டி இருந்தார்கள். புருவத்திலும் காதோர முடியிலும் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு. ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் முடிந்து நேரே வந்திருக்கிறார்கள். பேண்டேஜ் கம்பெனியில் காஸ் துணியோடு பாதி ஆயுளைக் கழித்தவள் நான். பஞ்சு ஒட்டியிருக்கிற தினுசை வைத்தே யாருக்கு எங்கே வேலை என்று சொல்லிவிடுவேன்.

அவர்களில் ஒல்லியாக இருந்த ஒருத்தி வாய்க்குள் எதையோ சொல்ல ஆரம்பிப்பதும், அழுகை வந்து பாதியில் விட்டுவிடுவதுமாக இருந்தாள். சொன்னது தமிழ் இல்லை.

கோயில் வாசலுக்கு வெளியே வழக்கமான இடத்தில் நின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் போய் முழங்காலிட்டார். அவள் பாதியில் விட்ட ஜெபத்தை முதலிலிருந்து எடுத்துச் சொன்னார். நம் 'அருள் நிறைந்த மரியே'தான், இந்தியில்.

"ப்ரணாம் மரியா, க்ருபாபூர்ண், ப்ரபு தேரே சாத் ஹை..."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். பிறகு அவரோடு சேர்ந்து சொன்னாள். பக்கத்தில் இருந்த பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். ஐந்தாம் நிலைக்குப் போக எழுந்த சனம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. பீடத்தின் முன்னால் நின்ற ஃபாதர் அவர்கள் முடிக்கும்வரை காத்திருந்தார்.

எனக்கு அந்த ஜெபத்தைவிட, அவர் கோயிலுக்குள் வந்ததுதான் பெரிய செய்தி.

வெளியே நின்ற மனிதர்

என் வீட்டுக்காரர் லூர்துசாமியைப் பற்றி இந்தத் தொடரில் அங்கங்கே சொல்லியிருக்கிறேன். சொந்த ஊர் சுந்தரபாண்டியம். மீசை அரும்பிய வயதிலேயே பட்டாளத்துக்குப் போனவர். எங்கள் பக்கத்தில் அது புதுமையில்லை. எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் பட்டாளமோ போலீஸோ ஒரு வீட்டிலாவது இருப்பார்கள்.

பட்டாளத்தில் அவருக்குக் கோயில் என்றால் பல நேரம் ஒரு கூடாரம்தான். ராஞ்சிப் பக்கம் இருந்தபோது மட்டும் நிஜமான கோயில் கிடைத்தது. அங்கே பூசை, செபமாலை எல்லாம் இந்தி. அங்கே அவர் தெரிந்துகொண்ட கடவுள் காரியம் எல்லாம் அந்தப் பாஷையில்தான் மனசில் பதிந்தது.

ஓய்வுபெற்று இராஜபாளையம் வந்தபோது இங்கே ஜெபங்களின் வாசகம் கொஞ்சம் மாறியிருந்தது. இவர் சின்ன வயதில் படித்த பழைய தமிழைச் சொல்வார். நடுவில் மறந்துபோனால் இந்தி வந்துவிடும். தெருக்காரர்கள் சேர்ந்து ஜெபிக்கிற ஒரு அன்பியக் கூட்டத்தில் இவர் அப்படிச் சொல்லப்போக, நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார், வாசலுக்கு வெளியே நிற்பார், ஃபாதர் நற்கருணை நன்மை கொடுக்கும்போதும் உள்ளே வரமாட்டார்.

"உள்ள வந்தா என்ன?" என்று கேட்டால், "எனக்கு இங்கயே நல்லாக் கேக்கு ராணி" என்பார். பூசையில் பாதி நேரம் என் கண் வாசலில்தான் இருக்கும்.

அந்த வருஷம் சாம்பல் புதன் அன்று எங்கள் பங்குச் சாமியார் பிரசங்கத்தில் ஒன்று சொன்னார். இளவயதுக்காரர், இழுக்காமல் பேசுவார். "தவக்காலத்துல கறி மீனை விட்டுட்டோம்னு திருப்திப்பட்டுக்கிடாதீங்க. கடவுள் உங்க ஒவ்வொருத்தரையும் எதுக்கோ கூப்பிடுதாரு. அவரு மைக் போட்டுக் கூப்பிட மாட்டாரு. பக்கத்துல இருக்க ஆள் வழியாத்தான் கூப்பிடுவாரு. காதைத் தீட்டி வச்சுக்கோங்க."

நான் நெற்றிச் சாம்பல் உதிர்ந்து மூக்கில் விழுவதைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். வருஷா வருஷம் கேட்பதுதானே என்று நினைத்தேன். வெளியே நின்றவருக்கு அது எப்படிக் கேட்டதோ.

கோயிலில் இந்தி

அழுத பெண்ணின் பெயர் பிரிஸ்கா. ஜார்க்கண்டில் காட்டோரத்துக் கிராமம். கூட இருந்த சலோமி அவளுடைய சித்தி மகள். இன்னும் பல பிள்ளைகள் அந்தப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள். சோழபுரம் போகிற வழியில் உள்ள ஒரு மில்லில் வேலை, அங்கேயே ஹாஸ்டல். ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தால் கோயிலுக்கு வருவார்கள். நாம் எழுந்தால் எழுவார்கள், நாம் உட்கார்ந்தால் உட்கார்வார்கள். ஒரு வார்த்தை புரியாது. அவர்கள் இத்தனை காலம் எங்களோடு பூசை பார்த்திருக்கிறார்கள், நாங்கள் ஒருத்தருடைய பெயரைக்கூடக் கேட்டதில்லை.

அன்று சிலுவைப்பாதை முடிந்ததும் ஃபாதர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "அடுத்த வெள்ளியில இருந்து ஒவ்வொரு நிலைக்கும் தமிழ்ல ஒரு தடவை, இந்தியில ஒரு தடவை. நீங்க சொல்லுதீங்களா?"

பங்குப் பேரவையில் இருக்கிற செல்வராஜ் அண்ணன் பக்கத்தில் நின்றார். பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஃபாதர், நம்ம கோயில்ல இந்தி எதுக்கு? வந்த இடத்துல அந்தப் பிள்ளைகதான் தமிழ் படிச்சுக்கிடணும்."

என் வீட்டுக்காரர் கோபப்படவில்லை. "படிக்கட்டும் அண்ணே. நீங்களே சொல்லிக்கொடுங்க. ஆனா அதுக வீட்டுப் பாஷை இந்திகூடக் கிடையாது. அது வேற. இந்தி நமக்கும் அதுகளுக்கும் நடுவுல ஒரு பாலம், அம்புட்டுதான். ஆத்தா நெனப்புல அழுதுக்கிட்டிருக்க பிள்ளைகிட்டப் போயி, மொதல்ல உயிரெழுத்து சொல்லுன்னு எப்படிக் கேக்குறது?"

செல்வராஜ் அண்ணன் அங்கிருந்து கிளம்பிவிட்டார். ஒத்துக்கொள்ளவில்லை.

மில் மேனேஜரிடம் என் வீட்டுக்காரரே போய்ப் பேசினார். மேனேஜர் தெலுங்கு பேசுகிற குடும்பத்துக்காரர், மரியாதை தெரிந்தவர். வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளைகளின் ஷிப்டை மாற்றிக் கொடுக்கச் சம்மதித்தார். ஒரு நிபந்தனை போட்டார்.

"மிலிட்டரி சார், நீங்களே கூட்டிட்டுப் போகணும், நீங்களே கொண்டுவந்து விடணும். எல்லாம் அடுத்தவங்க பெத்த பிள்ளைங்க. ஒருத்தி கொறைஞ்சாலும் நீங்கதான் பதில் சொல்லணும்."

"சொல்லுதேன்" என்று இவரும் வாக்குக் கொடுத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு அவர் மைக் முன்னால் நின்றார். குரல் ஆரம்பத்தில் கொஞ்சம் நடுங்கியது. அதன் பிறகு பரேட் மைதானத்தில் கேட்கிற மாதிரி கணீரென்று வந்தது. என் பக்கத்தில் இருந்த பெண் என் இடுப்பில் இடித்து, "ராணிக்கா, அண்ணனா இது?" என்றாள். "ஆமா, எங்க வீட்டுக்காரருதான்" என்றேன். தேவையில்லாமல் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

ஒருத்தி குறைந்தாள்

குருத்து ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை முடிந்து கஞ்சி ஊற்றினார்கள். தேங்காய்த் துவையலோடு பிள்ளைகள் குடித்தார்கள். வேன் வந்தது. ஏறும்போது பார்த்தால் பிரிஸ்காவைக் காணவில்லை.

கழிப்பறை, மாதா கெபி, ஃபாதர் வீடு எல்லா இடத்திலும் பார்த்தாயிற்று. என் வீட்டுக்காரரின் முகம் வெளுத்துவிட்டது. சலோமி தலையைக் குனிந்துகொண்டே நின்றாள். அவர் அவள் முன்னால் போய் உட்கார்ந்து மெதுவாக ஏதோ கேட்டார். அவள் அழுதுகொண்டே சொல்லிவிட்டாள்.

பிரிஸ்காவின் அம்மா காட்டில் இலுப்பைப் பூ பொறுக்கப் போன இடத்தில் பாறையில் விழுந்து கால் முறிந்து கிடக்கிறாள். காலில் புண் வைத்துவிட்டது. விடாமல் காய்ச்சல். வீட்டில் பார்க்க ஆள் இல்லை. பிரிஸ்கா சென்னை ரயிலில் ஏறிவிட்டால் அங்கிருந்து எப்படியாவது போய்விடலாம் என்று கிளம்பிவிட்டாள். இராஜபாளையம் ஸ்டேஷனில் மில் ஆட்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயந்து, பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள்.

மற்றப் பிள்ளைகளை ஃபாதர் வேனில் கூட்டிப்போனார். நாங்கள் இருவரும் மோட்டார் சைக்கிளில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். எதிரே வந்த லாரிகளுக்குக்கூட ஒதுங்காமல் அவர் ஓட்டினார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டே போனேன்.

பிளாட்பாரத்தின் கோடியில், பெஞ்சில் உட்காராமல் தரையில் குத்தவைத்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. எங்களைப் பார்த்ததும் எழுந்து ஓடப் பார்த்தாள். பிறகு ஓடாமல் நின்றுவிட்டாள்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். முழங்கால் வலிக்காரர், வீட்டில் தரையில் உட்காரவே மாட்டார். இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு எழுத்துப் புரியவில்லை. மா, மா என்கிற வார்த்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது.

சென்னை ரயில் வந்தது, நின்றது, போனது. அவள் அதில் ஏறவில்லை.

"என்னங்க சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"தனியாப் போகாத, நான் கொண்டுபோயி விடுதேன்னேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பெரிய வாரம் வருது. மேனேஜருக்கு என்ன பதில் சொல்லுவீக? இந்தக் காலை வச்சுக்கிட்டு அம்புட்டுத் தூரமா?"

அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் எல்லையில இருக்கும்போது எங்கம்மா செத்ததுக்குத் தந்தி வந்துச்சு ராணி. மலையில பனி, கீழ எறங்க வழி இல்ல. நான் சுந்தரபாண்டியம் வந்து சேரும்போது குழிமேல போட்ட பூவெல்லாம் காஞ்சு போயிருந்துச்சு. அப்ப யாராச்சும் ஒருத்தர் என்னைக் கொண்டுவந்து சேர்க்க மாட்டாகளான்னு இருந்துச்சு. இப்ப இவ கேக்கா. நான் எப்படிக் கேக்காத மாதிரி இருக்க?"

அவர் தம் அம்மா சாவைப் பற்றி என்னிடம் அதற்கு முன் பேசியதே இல்லை. பிரிஸ்காவின் பையை வாங்கிக்கொண்டேன்.

மில் கேட்டில்

நேரே மில்லுக்குப் போனோம். மேனேஜர் கேட்டிலேயே நின்றார். பிரிஸ்காவைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். என் வீட்டுக்காரர் சல்யூட் அடிக்காத குறையாக நிமிர்ந்து நின்று பேசினார்.

"வாக்குக் கொடுத்தேன், ஒருத்தி கொறைஞ்சிட்டா. தப்பு என்மேல. கொண்டுவந்துட்டேன். இப்ப ஒண்ணு கேக்கணும். இவளுக்கு லீவு கொடுங்க. அம்மா சாகக் கிடக்கா."

"லீவு கொடுக்கதுல ஒண்ணும் இல்ல சார். யார் கூட அனுப்ப? இதுகளக் கூட்டிட்டு வந்த ஆளு வர இன்னும் மாசம் ஆகும். தனியா அனுப்பி வழியில ஒண்ணு ஆச்சுன்னா நான் எந்த மொகத்தோட அவ அப்பங்கிட்டப் பேச?"

"நான் போறேன்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் சொல்வதற்காகத்தான் காத்திருந்தார் என்று புரிந்தது. "அவிய போகட்டும் சார்" என்றேன். "ஆனா கூட இன்னொரு பொண்ணு இருந்தா நல்லது."

"சரிம்மா, சலோமியும் போகட்டும்" என்றார். போகும்போது என் வீட்டுக்காரரின் கையை இரண்டு கையாலும் பிடித்தார்.

மறுநாள் எங்கள் கம்பெனியில் சொல்லி, சுத்தம் செய்த காஸ், பேண்டேஜ் சுருள், பஞ்சு என்று ஒரு பை நிறைய வாங்கிக் கட்டினேன். புண்ணை எப்படித் துடைத்து எப்படிச் சுற்ற வேண்டும் என்று பிரிஸ்காவின் கையைப் பிடித்துச் செய்து காட்டினேன். அதற்குப் பாஷை தேவைப்படவில்லை.

கிளம்புவதற்கு முன் அவர் காலண்டர் தாள்களை என் முன்னால் வைத்தார். பின்பக்கம் முழுவதும் தமிழ் எழுத்தில் இந்தி. பதினான்கு நிலைகளும் எழுதியிருந்தார்.

"பெரிய வெள்ளிக்கு நீ சொல்லு."

"நானா? அந்தப் பிள்ளைகள்ல ஒண்ணு படிச்சாப் போதாதா?"

"அதுகளுக்குப் படிக்கத் தெரியும் ராணி. ஆனா நம்மாளுல ஒருத்தர் வாயால சொன்னாத்தான், நம்மளையும் கூப்பிட்டிருக்காகன்னு அதுகளுக்குத் தோணும். சில எழுத்துக்குக் கீழ கோடு போட்டிருக்கேன் பாரு. அங்க வயித்துல இருந்து மூச்சு வரணும்."

குருத்து ஞாயிறு சாயங்காலம் ரயில் ஏறினார்கள்.

வயிற்றிலிருந்து மூச்சு

அந்த வாரம் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஓடிய இந்தியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சோறு கொதிக்கும்போதும் துணி துவைக்கும்போதும் படித்தேன். வயிற்றிலிருந்து மூச்சு விட்டு விட்டு இருமல்தான் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி வந்து, "ஏட்டி, ஒடம்புக்கு என்ன செய்யுது?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பெரிய வியாழன் அன்று ராத்திரி அவர் போன் செய்தார். லைன் விட்டு விட்டுக் கேட்டது.

"வந்து சேந்துட்டோம். அந்த அம்மா உசுரோட இருக்கு. மகளப் பாத்ததும் எந்திரிச்சு உக்காந்துருச்சு. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேத்தாச்சு. காலை எடுக்க வேண்டாம், புண்ணு ஆறிரும்னு டாக்டர் சொல்லுதாரு."

நான் போனோடு போய்ச் சுவரில் இருந்த மாதா படத்தைத் தொட்டுக் கும்பிட்டேன்.

"இவுக ஊர்க் கோயில்ல என்னை முன்வரிசையில உக்கார வச்சிட்டாக" என்றார். "பூசை அவுக சொந்தப் பாஷையில. ஒண்ணும் புரியல. அவுக எந்திரிச்சா எந்திரிக்கேன், உக்காந்தா உக்காருதேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

மறுநாள் பெரிய வெள்ளி. மேனேஜர் எல்லாப் பிள்ளைகளையும் அனுப்பியிருந்தார். கோயில் நிரம்பி வாசல்வரை கூட்டம். காலண்டர் தாள்களோடு மைக் முன்னால் போனேன். செல்வராஜ் அண்ணன் மைக் பக்கத்தில் நின்றிருந்தார். எதுவும் சொல்வாரோ என்று எனக்கு உள்ளூரப் பயம். மைக்கை என் உயரத்துக்கு இறக்கிவைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

முதல் நிலை தப்பித்தேன். இரண்டாம் நிலையில் பாரமான சிலுவை என்று வரும். பாரத்துக்கு இந்தியில் 'பாரி'. கீழே கோடு போட்ட எழுத்து. நான் பதற்றத்தில் மூச்சை விட மறந்து, நம் ஊர்ப் 'பா'வைப் போட்டு வாசித்தேன். பெண்பிள்ளைகள் பக்கம் ஒரு சலசலப்பு. துப்பட்டாவுக்குள் சிரிப்பை அடக்குகிறார்கள். பிற்பாடுதான் தெரிந்தது, அந்த மாதிரி சொன்னால் 'ஷிப்ட்' என்று அர்த்தமாம். இயேசு ஷிப்ட் சிலுவையைச் சுமந்தார் என்று வாசித்திருக்கிறேன். மில் பிள்ளைகள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

ஒருத்தி மட்டும் மெதுவாகத் திருத்திச் சொன்னாள். நான் அவள் சொன்னபடி திரும்ப வாசித்தேன். அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகு எனக்குப் பயம் போய்விட்டது. தப்பாக வாசித்தால் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

நான்காம் நிலையில் 'மாதா' என்கிற வார்த்தை வந்தது. இந்தியிலும் அதே வார்த்தை. அதுவரை இந்தியில் சொல்லும்போது சும்மா இருந்த எங்கள் சனம் அந்த வார்த்தைக்கு நிமிர்ந்தது. நான் ப்ரணாம் மரியா என்று ஆரம்பித்தேன். பிள்ளைகள் தொடர்ந்தார்கள். எனக்கு வலப்பக்கமிருந்து ஒரு ஆண் குரலும் தட்டுத் தடுமாறிச் சேர்ந்தது. செல்வராஜ் அண்ணன். இத்தனை வெள்ளிக்கிழமைகளும் நின்று கேட்டவருக்குக் காதோடு பாடமாகியிருக்கிறது. சொன்னவர் என் பக்கம் திரும்பவில்லை. நேரே, சிலுவையில் அறைந்த பாடுபட்ட சுரூபத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

பதினான்காம் நிலை முடியும்போது என் சேலை முதுகோடு நனைந்திருந்தது. மில்லில் டபுள் ஷிப்ட் பார்த்த களைப்பு.

ஈஸ்டர்

பிரிஸ்கா ஊரிலேயே தங்கி அம்மாவைப் பார்த்துக்கொள்ள முடிவுசெய்தாள். சலோமி மட்டும் திரும்பி வந்தாள். மில்லில் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் தமிழ் வகுப்பு நடக்கிறது. சொல்லிக்கொடுக்கிறவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உயிரெழுத்தில்தான் ஆரம்பித்திருக்கிறார்.

என் வீட்டுக்காரர் ரயிலில் திரும்பிக்கொண்டிருந்ததால் ஈஸ்டருக்கு ஊரில் இல்லை. பூசை முடியும் நேரம் ஃபாதர் மைக்கில் பேசினார்.

"இந்தத் தவக்காலத்துல நம்ம பங்குல ஒருத்தர் கடவுள் கூப்பிட்டதைக் கேட்டாரு, எந்திரிச்சுப் போனாரு. இன்னைக்கு அவரு இங்க இல்ல. அவரு வீட்டம்மா இருக்காங்க. லூர்துசாமி மனைவி ஜெயராணி கொஞ்சம் எழுந்து நில்லுங்க."

மற்றவர்களுக்காக எத்தனையோ தடவை கை தட்டியிருக்கிறேன். என்னை யாரும் எழுந்து நிற்கச் சொன்னதில்லை. எழுந்தேன். சனம் கை தட்டியது. பின்வரிசையில் மில் பிள்ளைகள் எட்டிப் பார்த்துத் தட்டினார்கள்.

கைதட்டு ஓய்ந்தது. ஃபாதர் அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார். பக்கத்தில் இருந்த பெண் என் சேலையைப் பிடித்து இழுத்து, "ராணிக்கா, போதும், உக்காருங்க" என்றாள்.

நான் செத்த நேரம் நின்றுகொண்டுதான் இருந்தேன்.